சாய்ப்புக்கு மட்டும் ஏன் ஒழுக்கு?

ஏப்ரல் 26
நேற்று ராத்திரி கோடைமழை. அரைமணி நேரம்கூட நிற்கவில்லை, ஆனால் காற்றோடு வந்தது. பெரிய வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. பின்பக்கம் இறக்கிய சமையற்கட்டுச் சாய்ப்பில் மட்டும் அடுப்புத் திண்டு வரை நனைந்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே ஓடுதான். "இடவப்பாதிக்கு முன்ன இதுக்கு ஒரு வழி பாரு" என்றாள் அம்மா. தக்கலைப் பக்கத்தில் ஜூனில் ஒரு மழைக்காலம், ஐப்பசியில் இன்னொன்று. ஒழுகும் கூரையை ஆறப்போட இங்கே தோதில்லை.

ஏப்ரல் 28
ஆசாரி வந்தார். வந்ததும் மேலே ஏறவில்லை. சாய்ப்பின் கதவு ஜன்னலை அடைத்து, இருட்டில் அண்ணாந்து பார்த்தார். வெளிச்சம் ஊசிபோல் இறங்கிய இடங்களில் கழுக்கோலில், அதாவது கூரையைத் தாங்கும் சரிவுக் கட்டையில், சாக்பீஸால் குறி போட்டார். அவை உடைந்த ஓடுகள், கண்டுபிடிக்கச் சுலபம். ஆனால் சொட்டு விழுந்த இடங்களுக்கு மேலே வெளிச்சமே இல்லை.

"தம்பி, சொட்டுத இடத்துல ஓட்டை இருக்காது. தண்ணி பட்டியலப் புடிச்சு நடந்து வரும். ஆணியோ கணுவோ தட்டுன எடத்துலதான் கீழ விழும்" என்றார். பட்டியல் என்றால் கழுக்கோல்மேல் ஓடு மாட்டும் குறுக்குச் சட்டம்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. நான் மேலே குடத்தோடு, அவர் உள்ளே. உச்சியிலிருந்து ஊற்றப்போனவனைத் தடுத்து, இறவாணத்திலிருந்து தொடங்கச் சொன்னார். மேலே ஊற்றினால் எல்லா வரிசையும் நனைந்துவிடும், எந்த வரிசை குற்றவாளி என்று தெரியாது. கீழிருந்து ஒவ்வொரு வரிசையாக நனைத்துக்கொண்டே ஏறினால், உள்ளே முதல் சொட்டு விழும்போது குறை எந்த வரிசையில் என்று பிடிபட்டுவிடும்.

ஏப்ரல் 30
இன்று சரிவை அளந்தோம். சாய்ப்பின் அகலம் ஒன்பது அடி, ஏற்றம் இரண்டடி. சீமை ஓட்டுக்கு இரண்டடிக்கு ஓரடி ஏற்றம் இருந்தால் கவலையில்லை. மூன்றடிக்கு ஓரடிக்கும் கீழே போனால் வம்புதான். நம்முடையதோ நாலரை அடிக்கு ஓரடி. அதிலும் ஒவ்வொரு ஓட்டின் வாலும் கீழ் ஓட்டின் தலைமேல் ஏறி உட்காருவதால், ஓடு படுக்கும் சரிவு கழுக்கோலின் சரிவைவிட இன்னும் குறைவு.

பத்மநாபபுரம் அரண்மனைக் கூரைகளின் செங்குத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். அங்கே தண்ணீர் விழுந்த வேகத்தில் இறங்கிவிடும். தாழ்ந்த சரிவில் அது தயங்கும். தயங்கும் தண்ணீரை எதிர்க்காற்று ஓட்டுக்கு அடியில் மேல்நோக்கித் தள்ளும். காற்றே இல்லாவிட்டாலும், ஒட்டிக் கிடக்கும் இரண்டு ஓடுகளின் இடுக்கு தானாகவே ஈரத்தை உறிஞ்சும். போதாக்குறைக்கு, பெரிய கூரையின் வெள்ளம் முழுவதும் சாய்ப்பின் தலையில்தான் விழுகிறது.

மே 4
ஓடு பிரித்தோம். 1865-ல் மங்களூரில் பேசல் மிஷன்காரர்கள் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய வகை இது. அடியில் பட்டியலில் மாட்டும் கொக்கி, பக்கத்து ஓட்டோடு கோத்துக்கொள்ளும் காடி. பிறகு பல ஊர்களில் பல கம்பெனிகள் செய்தன. ஒன்றின் காடி மற்றதில் சரியாக உட்காராது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது இந்தச் சாய்ப்பில் பாதி ஓடு பறந்தது. அன்றைக்கு மாவட்டம் முழுக்க ஓட்டுக்கு அலைந்த நேரம். கிடைத்ததை வாங்கி மாட்டினார்கள். முதுகு முத்திரைகளைப் பார்த்தால் இப்போது கலப்பு தெரிகிறது. தண்ணீர்ச் சோதனையில் மாட்டிய வரிசைகள் பெரும்பாலும் முத்திரை மாறும் இடங்கள்.

ஆசாரி ஒவ்வொரு ஓட்டையும் இடது கையில் தொங்கவிட்டு விரல் மொட்டியால் தட்டினார். 'கிண்' என்றால் ஒரு பக்கம், 'தொப்' என்றால் மறுபக்கம். கண்ணுக்குத் தெரியாத கீறல் சத்தத்தில் தெரிந்தது. நல்ல ஓடுகளின் காடியில் அடைந்திருந்த பாசியையும் வேப்பிலைச் சருகையும் தும்புப் பிரஷால் தேய்த்தோம்.

சந்துகளில் பூசியிருந்த சிமெண்டையும் கொத்தி எடுத்தோம். வெயிலில் ஓடு விரிவதும் சிமெண்ட் விரிவதும் ஒன்றல்ல. மயிரிழை வெடிப்பு விழுகிறது. வெடிப்பு தண்ணீரை உள்ளே விடுகிறது, பூச்சு அதை வெளியே விடுவதில்லை. அதற்கு அடியில் இருந்த பட்டியல் நகத்தால் கிள்ளினாலே உதிர்ந்தது.

மே 8
சரிவைக் கூட்ட வழியில்லை. மேலே பெரிய வீட்டு இறவாணம் தடுக்கிறது, கீழே இறக்கினால் வாசல் தலையில் இடிக்கும். எனவே கழுக்கோல்மேல் முதலில் அலுமினியத் தகடு விரித்தோம். தகட்டின்மேல் நேராகக் குறுக்குப் பட்டியல் அடித்துவிடலாமே என்று கேட்டேன். "அடிச்சா ஒவ்வொரு பட்டியலும் ஒரு அணையாகிப் போவும் தம்பி" என்றார். கழுக்கோலுக்கு நேர்மேலே, சரிவின் போக்கிலேயே ஒல்லிக் கட்டைகளை அடித்து, அதன்மேல் குறுக்குப் பட்டியல், அதன்மேல் ஒரே முத்திரை ஓடுகள். இனி ஓட்டைத் தாண்டி வரும் தண்ணீரும் தகட்டில் ஓடி இறவாணத்துக்கு வெளியே போய்விடும்.

மே 10
சாய்ப்பு சுவரைத் தொடும் இடத்தில் காடி வெட்டி, தகட்டைச் சொருகி ஓட்டின்மேல் மடித்துவிட்டோம். பெரிய கூரையின் விளிம்பில் தகரப் பாத்தி கட்டி, அந்த வெள்ளத்தை ஓரமாக இறக்கியாயிற்று. செலவில் பெரும்பங்கு தகட்டுக்கும் கூலிக்கும். ஓட்டுக்கு ஆனது சொற்பம்.

ஜூன் 9
இடவப்பாதி பிடித்துவிட்டது. விடிய விடிய காற்றும் மழையும். சாய்ப்பில் ஈரமில்லை.

தாழ்ந்த ஓட்டுக்கூரை வைத்திருப்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்: சிமெண்ட் சட்டியைத் தூக்கும் முன் சரிவை அளந்து பாருங்கள். மூன்றடிக்கு ஓரடி இல்லையென்றால் பூச்சு எதுவும் நிற்காது. அடியில் தகடு போடுங்கள். பாத்தியையும் காடியையும் வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். வேலையைச் சித்திரையிலேயே தொடங்குங்கள். மழை பிடித்தபின் நல்ல ஆசாரி கிடைக்கமாட்டார், கிடைத்தாலும் வழுக்கும் ஓட்டில் ஏறமாட்டார்.