பெரியமாமா வெண்ட கதை

எங்கட பெரியமாமாவுக்கு இரண்டு வகையான கதைதான் தெரியும். ஒன்று கரம் போட்டில் காசு வெண்ட கதை. மற்றது காட்ஸில் காசு வெண்ட கதை. தோத்த கதை ஒண்டு சொல்லுங்கோ என்று கேட்டால், "அதெல்லாம் ஆர் பிள்ளை ஞாபகம் வைச்சிருக்கிறது" என்று சொல்லிவிட்டு வெத்திலையை மடிக்கத் தொடங்கிவிடுவார்.

அம்மாவின் மூத்த அண்ணன். அறுபது தாண்டிவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கும்போது வலது கை மெல்ல நடுங்கும். ஒரு காலத்தில் அந்தக் கையை நம்பிச் சனம் காசு கட்டினது என்றால் இப்ப ஆரும் நம்பமாட்டினம்.

இடம், ஒரு சலூனுக்குப் பின்னால் இறக்கின பத்தி. ஒரு போட், நாலு ஸ்டூல், கரண்ட் இல்லாத நாளில் ஒரு பெற்றோல்மக்ஸ். தடைக் காலத்தில் போறிக் பவுடர் கிடைக்காமல் போக, அரிசிமாவை அரிச்சுத் தூவினவையாம். விடியப் பார்த்தால் போட் முழுக்க எறும்பு. நான் அந்தப் பத்தியைக் கண்டதில்லை. கண்டிருந்தாலும் உள்ளே போயிருக்க ஏலாது, சலூன் பொம்பிளைப் பிள்ளையள் போற இடமில்லை. எனக்கு அந்த இடம் முழுக்க முழுக்க மாமாவின் வாயால் கட்டப்பட்டது.

காசுக்கு விளையாடுவதை அவர் ஏமாத்து என்று ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டார். "ஏமாத்து இல்லைப் பிள்ளை, நடிப்பு." முதல் இரண்டு ஆட்டம் தோற்க வேண்டும். எப்படித் தோற்பது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. காயை அலங்கோலமாகப் பிழைவிட்டால் ஆள் பிடிபட்டுப் போவான். பொக்கற்றின் வாயில் கொண்டுபோய் நிப்பாட்ட வேண்டும். பார்க்கிறவனுக்கு 'அட, மயிரிழையில போச்சு' என்றிருக்கும். ஆனால் வாயில் நிற்கிற காய் உன்னுடைய சேமிப்பு. அடுத்த தரம் தட்டினாலே விழும், அதுவரைக்கும் எதிராளிக்கு அந்தப் பொக்கற்றையும் அடைத்துக்கொண்டு நிற்கும். தோற்கிற மாதிரியும் இருக்கும், வெல்லுகிற வேலையும் நடக்கும். குயினை மட்டும் தொடக்கத்தில் எடுக்கக்கூடாது. குயினைப் போட்ட கையோடு அடுத்த காயைப் போட்டு மூடுகிறவன் என்று தெரிந்தால் பிறகு ஒருத்தனும் காசு வைக்க வரமாட்டான்.

சனத்துக்குள் மாமாவின் ஆள் ஒருத்தர் நிற்பார். "உவனுக்கு இண்டைக்குக் கை சரியில்லை" என்று பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கச் சொல்வதுதான் அவருடைய வேலை. அதற்கு ஒரு பங்கு உண்டு. மூன்றாவது ஆட்டத்தில் எதிராளியே காசைக் கூட்டச் சொல்லிக் கேட்பான். கேட்காவிட்டால் நீ கேட்க வேண்டும், கொஞ்சம் ரோசம் வந்த ஆள் மாதிரி: "ஒருக்கா கூட்டுவமே?"

(திருக்குறளில் சூது என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. மாமாவுக்குப் பத்தும் பாடம்.)

அவருடைய கதைகளுக்குள் பெரிய கதை 1989இல் நடந்தது. இந்தியன் ஆமிக் காலம். கொழும்பிலிருந்து வந்த ஒருத்தர், சொந்தமாகத் தந்தத்தில் ஸ்ரைக்கர் வைத்திருந்தவர், காலமை தொடங்கி ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்னம் வரைக்கும் விளையாடினது. 29க்கு ஆட்டம். மாமா எண்ணூறு ரூபா கட்டினார். கடைசி போட்டில் அவருக்கு இரண்டு காயும் குயினும் மிச்சம், மற்றவருக்கு ஒரேயொரு காய். குயினைப் போட்டு, மூடி, மற்றதையும் போட்டார். இரண்டாயிரத்துச் சொச்சமும் அந்தத் தந்த ஸ்ரைக்கரும் கைக்கு வந்தன. வீட்டுக்குப் போக நேரமில்லாமல் சலூனுக்குள்ளேயே எல்லாரும் படுத்தார்கள். இந்தக் கதையை நான் இருபது தரமாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தரமும் அந்தக் கடைசிக் காய் கொஞ்சம் தூரத்தில் நிற்கும்.

போன வருடம் பீடத்தில் எங்கட ஆக்கள் சேர்ந்து 'த ஹஸ்லர்' படம் போட்டார்கள். 1961இல் ரொபேட் ரொசன் எடுத்தது. போல் நியூமன் எடி என்கிற இளம் பூல் ஆட்டக்காரன். தெரியாதவன் மாதிரி நடித்துக் காசு பறிக்கிறவன். ஜக்கி கிளீசன் மினசோட்டா ஃபற்ஸ். எனக்கு முதல் பத்து நிமிசத்திலேயே மெய் சிலிர்த்துவிட்டது. மேசை பெரிது, காய்க்குப் பதில் பந்து, அவ்வளவுதான் வித்தியாசம். எடியும் அவனுடைய கூட்டாளியும் ஒரு பாரில் செய்கிற நாடகம் அப்படியே மாமாவும் சலூன் சனத்துக்குள் நிண்டவரும்.

அதன்பிறகு ஒரு மாதம் இதே வேலையாகத் திரிந்தேன். தேடத் தேட மாமாவைப் போலவே ஆட்கள் வந்தார்கள். அமெரிக்காவில் ருடோல்ஃப் வொண்டரோன் என்று ஒருவர். 'நியூயோர்க் ஃபற்ஸ்' என்ற பட்டப்பெயரோடு ஊர் ஊராகக் காசுக்கு ஆடித் திரிந்தவர். படம் வந்ததும் அந்த மினசோட்டா ஃபற்ஸ் நான்தான் என்று சொல்லத் தொடங்கினார். நாவலை எழுதிய வோல்டர் ரெவிஸ் அப்படி இல்லை என்று மறுத்தும் பலனில்லை, சாகும்வரை அந்தப் பெயர்தான். இல்லினோய்ஸில் ஜொன்ஸ்டன் சிற்றி என்ற சின்ன ஊரில் ஜான்ஸ்கோ சகோதரர்கள் 1961இலிருந்து இப்படியானவர்களை வருடாவருடம் கூட்டிவைத்துப் போட்டி நடத்தினார்கள். போட்டி ஒரு சாட்டு, காசாட்டம்தான் திருவிழா. 1972இல் அரசாங்கம் புகுந்து பிடித்ததோடு அது முடிந்தது.

வில்லி மொஸ்கோனி இதற்கு நேர் எதிர். பதினைந்து தடவை உலக சம்பியன். 1954இல் ஒகையோவில் ஸ்பிரிங்ஃபீல்ட்டில் ஒரு காட்சி ஆட்டத்தில் தவறவிடாமல் 526 பந்து போட்டவர். 'த ஹஸ்லர்' படத்துக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். சூதாட்டக்காரரால் தன் விளையாட்டின் மானம் போகிறது என்று அவருக்கு வொண்டரோனைக் கண்ணிலும் காட்டக்கூடாது. 1978இல் இரண்டு பேரும் தொலைக்காட்சியில் மோதினார்கள். மொஸ்கோனி வென்றார். ஃபற்ஸ் கதைத்துக்கொண்டே தோற்றார். ஆனால் தெருவில் நின்று ஒரு அமெரிக்கரிடம் பூல் விளையாடுகிற ஒருவரின் பெயரைக் கேட்டால் ஃபற்ஸ் என்றுதான் சொல்லியிருப்பார். வென்றவரைவிடக் கதை சொன்னவரைத்தான் சனம் நினைவு வைத்திருந்தது.

எங்கட நாட்டிலும் ஒருவர் இருந்தார், எம்.ஜே.எம். லாபிர். 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் சம்பியனானவர். என்னோடு படிக்கிற எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? கேட்டுப் பார்த்தேன், ஒருத்தருக்கும் தெரியவில்லை. பில்லியட்ஸ் மேசை பன்னிரண்டு அடி நீளம், அதற்கு ஒரு அறையும் ஒரு கிளப்பும் வேண்டும். கரம் போட்டுக்கு ஒரு ஸ்டூல் காணும். அதனால்தானோ என்னவோ எங்கட கதைகள் எல்லாம் கரம் போட்டைச் சுற்றியே கிடக்கின்றன.

இதையெல்லாம் வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். மாமாவும் வொண்டரோனும் ஒரே சாதி, தோல்வியை நடிக்கத் தெரிந்த கலைஞர்கள் என்கிற மாதிரி. எனக்கே என்னைப் பிடித்துப்போன கட்டுரை. லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். படத்தின் கதையை ஒரு பந்தியில் சொல்லியிருந்தேன். சேரா என்ற பெண் எடியை விரும்புகிறாள், நடுவில் தற்கொலை செய்துகொள்கிறாள், பிறகு அவன் திரும்பிப் போய் ஃபற்ஸை வெல்கிறான்.

அம்மா முழுக்கக் கேட்டா. பிறகு ஒரு கேள்விதான் கேட்டா.

"அந்தப் பெட்டை என்னத்துக்குச் செத்தவள்?"

எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. படம் முடிந்து நாங்கள் ஒரு மணித்தியாலம் கதைத்தோம். கடைசி ஆட்டம், கமரா, கிளீசனின் உடுப்பு எல்லாம் கதைத்தோம். சேராவைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அம்மா எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து அவவின் பழைய அடையாள அட்டைப் படத்தை எடுத்துக்கொண்டு வந்தா. நான் எத்தனையோ தரம் பார்த்த படம். இரட்டைப் பின்னல், பள்ளிக்கூடச் சட்டை, இரண்டு காதிலும் வேப்பங்குச்சி. சண்டைக் காலம், கஷ்டம், தோடு இல்லை என்று நானாகவே நினைத்துவைத்திருந்தேன்.

"மாமா அண்டைக்கு வெண்டவர்தான். அதில பொய்யில்லை. அந்த எண்ணூறு ரூபா எங்கால வந்தது எண்டு உனக்குச் சொன்னவரே?"

சாமத்தியவீட்டுக்கு அம்மம்மாவின் தாய் போட்ட தோடு. ஒரு நாளைக்குத் தா, பின்னேரம் கொண்டுவாறன் என்று வாங்கிப்போய் அடைவு வைத்திருக்கிறார். வெண்ட செய்தி கேட்டு அம்மா அடுத்த நாள் படலையில் பார்த்துக்கொண்டு நின்றவவாம். அவர் வரவில்லை. வெண்ட காசோடு வேறு ஊரில் வேறு ஆட்டம். மூன்றாம் நாள் வந்தபோது தந்த ஸ்ரைக்கர் மட்டும் இருந்தது.

"பள்ளிக்கூடத்தில கேட்டா, காதில புண் எண்டு சொல்லுவன். இரண்டு வருஷம் புண். சாதாரண தரச் சோதனையும் உந்தக் குச்சியோடதான்."

கோபமாகச் சொல்லவில்லை. பயிற்றங்காயைத் திரும்ப எடுத்துக்கொண்டு சொன்னா. எனக்குத்தான் கையிலிருந்த கட்டுரையை என்ன செய்வதென்று தெரியவில்லை. தோல்வியை நடிப்பவர்கள் என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். புண் இல்லாத காதில் புண் என்று இரண்டு வருடம் சொல்லித் திரிந்த ஒரு பதினாறு வயசுப் பிள்ளை அதில் ஒரு வரிகூட இல்லை.

பின்னேரம் மாமாவிடம் கேட்டேன். வெத்திலையை நிப்பாட்டினார். கனநேரத்துக்குப் பிறகு, "அது பேந்து மீட்டுக் குடுத்தனான் தானே" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "மீட்டது அம்மம்மா. மறியாட்டை வித்து."

எது சரி என்று விசாரிக்க அம்மம்மாவும் இல்லை, அடைவு பிடித்த கடையும் இல்லை. நான் அம்மாவைத்தான் நம்புகிறேன். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: 95 இடப்பெயர்வில் அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, மழைக்குள்ளே, சனத்துக்குள்ளே, விடிய விடிய உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டினது மாமாதான். அம்மாவே சொல்லுவா. வீட்டிலிருந்து வேறொன்றும் எடுக்க நேரமில்லை. காற்சட்டைப் பொக்கற்றில் அந்த ஸ்ரைக்கர் இருந்ததாம். அதையும் அம்மாதான் சொன்னா.

போன கிழமை மாமா வந்திருந்தார். விறாந்தையில் தம்பியின் போட்டை வைத்து விளையாடினோம். பகிடிக்கு நூறு ரூபா வைத்தேன். முதல் ஆட்டம் நான் வென்றேன். இரண்டாவதும் வென்றேன். கை நடுக்கத்தால்தான் விடுகிறார் என்று எனக்குக் கவலையாகக்கூட இருந்தது. பிறகுதான் போட்டைப் பார்த்தேன். அவர் தவறவிட்ட வெள்ளைக் காய்கள் மூன்று, மூன்று பொக்கற்றின் வாயிலும் அப்படியே நின்றன.

நிமிர்ந்து பார்த்தேன். சிரிப்பில்லை. கொஞ்சம் ரோசம் வந்த ஆள் மாதிரி முகம்.

"ஒருக்கா கூட்டுவமே பிள்ளை?"

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"காசை எடுத்து உள்ளுக்க வை."