மாசி மேகம்

சிவராத்திரி வந்தால் குளிர் ‘சிவ சிவா’ என்று சொல்லிக்கொண்டே போய்விடும் என்பது கன்னடத்தார் வழக்கு. இவ்வாண்டு பெங்களூரில் அது போக மனமின்றி வாசலிலேயே நின்றது. திங்கட்கிழமை விடியலில் கம்பளி தேவைப்பட்டது. நண்பகலில் மின்விசிறி போதவில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுநிலம் இது. பிப்ரவரியில் காற்று வறண்டு வானம் தெளிந்திருப்பதால், பகலில் ஏறிய வெப்பத்தை நிலம் இரவில் தடையின்றி விண்ணுக்கு விட்டுவிடுகிறது. செவ்வாயன்று மேகம் வந்து மூடியதும் கணக்கு மாறியது. பகல் குளிர்ந்தது, இரவு புழுங்கியது.

மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றனர் முன்னோர். தொல்காப்பியம் அதனைப் பாலைக்கு உரிய பொழுதாகவும் சொல்கிறது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. விடுதி அறையில் இருந்துகொண்டு வீட்டுத் தொலைபேசிக்குக் காத்திருப்பவர்களுக்கு இதில் உரையாசிரியர் தேவையில்லை.

எங்கள் ஊர் கிருஷ்ணகிரிக்கு அருகே. ஓசூர், சூளகிரி வழியாக இறங்கினால் 90 கிலோமீட்டர்தான். நான்கு ஏக்கர் மாந்தோப்பு, பெரும்பாலும் ‘பெங்களூரா’. (கிளிமூக்கு மாம்பழத்துக்கு எங்கள் பக்கம் வழங்கும் பெயர் அது. தன் பெயரை ஒரு மாம்பழம் சுமப்பதை அறியாதது போல இந்நகரம் அதனைத் தோத்தாப்புரி என்கிறது.) மாசியில் மரங்களெல்லாம் பூங்கொத்தாக நிற்கும். வியாபாரி வந்து பூவைப் பார்த்தே அவ்வாண்டின் குத்தகையைப் பேசுவார். பூவிலேயே விலை முடித்தால் பின்னால் வரும் நட்டம் அவருடையது. காய் பிடிக்கட்டும் என்று காத்திருந்தால் விலை கூடலாம். ஆனால் நட்டம் வந்தால் அது நம்முடையது. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருந்தாலும் பறிக்கும் பருவம்வரை நிற்பவை ஒன்றோ இரண்டோதான். மழை மகரந்தத்தைக் கழுவிவிடும். மூடாக்கும் ஈரமும் நீடித்தால் சாம்பல் நோய் படரும், தத்துப்பூச்சி பெருகும்.

செவ்வாய் இரவு அப்பா அழைத்தார். “பாப்பா, வியாபாரி நாளைக்கு வர்றாரு. மழை வருமா?”

என் ஆய்வு மழைப்பொழிவின் புள்ளியியல் பற்றியது. மூன்றாம் இயல் முழுவதும் நிகழ்தகவுதான். கணிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து, “முப்பது விழுக்காடு வாய்ப்பு இருக்குப்பா” என்றேன்.

“அப்படின்னா வருமா, வராதா?”

இதே நிலை பத்து முறை ஏற்பட்டால் மூன்று முறை பெய்யும் என்று விளக்கினேன்.

“எனக்கு வருசத்துக்கு ஒரு மாசிதானே வருது, பாப்பா.”

“வராதுப்பா, காத்திருங்க” என்று சொல்லிவிட்டேன். பெங்களூரில் பிப்ரவரி முழுவதற்குமான சராசரி மழையே 10 மில்லிமீட்டரை எட்டாது என்ற நினைவு துணிவளித்தது. சராசரி என்னும் சொல்லை மாணவர்களுக்கு அத்தனை எச்சரிக்கைகளுடன் கற்பிக்கும் நானே அதன்மேல் சாய்ந்துகொண்டேன். புதனன்று வியாபாரி ஒரு தொகை சொன்னார். அப்பா இரண்டு நாள் தவணை கேட்டார்.

என் அறைத்தோழி குடகைச் சேர்ந்தவள். அவள் வீட்டில் ரொபஸ்டா காப்பித் தோட்டம். மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை பெய்தால்தான் காப்பிச் செடியின் மொட்டு விழிக்கும். அடுத்த எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெண்மையாகும். மழை பிந்தினால் தெளிப்புநீர் பாய்ச்ச வேண்டும், அது பெருஞ்செலவு. ஆகவே ஒரே சன்னலில் நின்று ஒரே மேகத்தை அவள் வா என்றும் நான் போ என்றும் வேண்டிக்கொண்டிருந்தோம். எங்களில் யார் பேச்சையும் அது கேட்டதாகத் தெரியவில்லை.

வியாழன் மாலை கிழக்கிலிருந்து ஈரக்காற்று வந்தது. மல்லேசுவரத்தில் சாலை நனைந்தது. எங்கள் வளாகத்தில் புழுதிகூட அடங்கவில்லை, தபேபுயாவின் இளஞ்சிவப்புப் பூக்கள் மட்டும் பாதையெங்கும் உதிர்ந்து கிடந்தன. இரவு பதினொரு மணிக்கு ஊரில் மழை. அரை மணி நேரம்தான். வெள்ளியன்றும் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. அன்று குடகிலும் நன்றாகப் பெய்ததாகச் சொல்லி அறைத்தோழி மைசூர்ப்பாகு வாங்கி வந்தாள். வாங்கி உண்டேன்.

சனிக்கிழமை பேருந்தேறி ஊருக்குச் சென்றேன். நனைந்த பூக்கள் பழுப்பேறிக் காம்போடு ஒட்டிக் கிடந்தன. கொத்தைத் தட்டினால் தத்துப்பூச்சிகள் கலைந்து பறந்தன. வியாபாரி காலையிலேயே வந்து பார்த்துவிட்டு, புதனன்று சொன்னதில் கால்பங்கு குறைத்துக் கேட்டுப் போயிருந்தார்.

“கொடுத்துட்டீங்களாப்பா?”

“இல்ல. இன்னும் பின்பூ இருக்குது. கந்தகம் அடிச்சுப் பார்க்கலாம்.” மரத்தின் உச்சியைப் பார்த்தபடியே கேட்டார்: “அடுத்த வாரம் எப்படி?”

“நூத்துக்கு இருபதுப்பா.”

வருமா, வராதா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தெளிப்பானில் நிரப்பத் தண்ணீர் எடுக்க இருவரும் கிணற்றடிக்குச் சென்றோம்.