வேலன்சி ஓடையில் விழுந்த டம்ளர்

அந்த நாளில் காதல் கவிதை என்றால் எங்களுக்குப் பைரனும் ஷெல்லியும் கீட்ஸும்தான். மூவருமே சின்ன வயதில் போய்ச் சேர்ந்தவர்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு கவர்ச்சி. கவிதைத் தாள் எடுத்த சார் மட்டும் எழுபத்திரண்டு வயதுக் கிழவர் ஒருவரை வகுப்புக்குள் கூட்டி வந்தார். தாமஸ் ஹார்டி.

பாடத்தில் இருந்தது ஒரே கவிதை. மனைவி எம்மா இறந்ததற்கு அடுத்த மாதம், 1912 டிசம்பரில் எழுதிய ‘த வாய்ஸ்’. செத்தவள் கூப்பிடுவது காதில் விழுகிறது; வெறும் காற்றாகவும் இருக்கலாம். சங்கதி அவ்வளவுதான். கடை நோட்ஸில் இதற்கே இரண்டு பக்கம் விளக்கம் இருந்தது. சார் அந்தப் பக்கம் போகாமல் டம்ளர் கதையை எடுத்தார்.

1870 மார்ச். கட்டடக்கலைஞரிடம் வேலை பார்த்த ஹார்டி, பழுதடைந்த தேவாலயம் ஒன்றை அளவெடுக்கக் கார்ன்வாலில் செயின்ட் ஜூலியட் என்ற ஊருக்குப் போகிறார். வாசலில் வந்து வரவேற்றவள் பாதிரியாரின் மைத்துனி எம்மா. ஆகஸ்டில் மறுபடியும் போகிறார். வேலன்சி ஓடைக்கரையில் இருவரும் சாப்பிட்டு முடித்து, கண்ணாடி டம்ளரைக் கழுவும்போது அது நழுவிக் கல்லிடுக்கில் போய்விடுகிறது. எம்மா கையை விட்டுத் துழாவுகிறாள். ஹார்டி அதைப் பென்சிலில் வரைந்து வைத்திருக்கிறார்.

இதைச் சொல்லும்போதே சார் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டார். மேடையில் குத்துக்காலிட்டு, மேஜைக்கடியில் தண்ணீர் ஓடுவதுபோல நிஜமாகவே துழாவினார். முன்பெஞ்சில் களுக்கென்று ஒரு சிரிப்பு. “சிரிங்கம்மா, நல்லா சிரிங்க. அவங்களும் சிரிச்சிருப்பாங்க” என்றார், எழுந்திருக்காமலே.

கல்யாணத்துக்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லவில்லை. அதெல்லாம் வெகுகாலம் கழித்து வாழ்க்கை வரலாறுகளில் படித்தது. 1874இல் திருமணம், குழந்தை இல்லை. போகப்போக மனக்கசப்பு, கடைசி வருஷங்களில் எம்மா டார்ச்செஸ்டர் வீட்டின் உச்சியில், கூரையடி அறைகளுக்குக் குடிபோய்விட்டாள். 1912 நவம்பர் 27 அன்று அங்கேதான் உயிர் பிரிந்தது. அவள் விட்டுப்போன எழுத்தில் புருஷனைப் பற்றிய குறிப்புகளை ஹார்டி எரித்துவிட்டார். தன் இளமையைப் பற்றி அவள் எழுதிவைத்தது தப்பியது. 1913 மார்ச்சில் கிழவர் கார்ன்வாலுக்குக் கிளம்பிப்போய் பழைய இடங்களையெல்லாம் சுற்றி வந்தார். மேஜை நாட்காட்டியை மார்ச் 7, திங்கள் என்றே நிறுத்தி வைத்தார். அவளை முதன்முதலில் பார்த்த நாள்.

இத்தனையும் தெரிந்த பிறகு அந்தக் கவிதைக்குள் வேறொரு குரல் கேட்கத் தொடங்கியது. கூரையடியில் தனியே இருந்த எழுபத்திரண்டு வயது எம்மாவை அவர் கூப்பிடவே இல்லை. டம்ளர் தேடிய பெண்ணைத்தான் கூப்பிடுகிறார். அவள் காணாமல்போய் வருஷக்கணக்காகிறது; சாவு வந்துதான் அவருக்கு அதை உறைக்கச் செய்தது. மனைவியைச் சிதையில் விட்டுவிட்டு, இன்னும் உயிரோடிருக்கிறேனே என்று நொந்துகொண்ட சேரமான் மாக்கோதையின் துக்கம், புறநானூறு 245இல், நேரானது. ஹார்டியின் துக்கத்தில் குற்றவுணர்வு பாதிக்குப் பாதி. எனக்கு அந்தக் கலப்படம்தான் பிடித்திருக்கிறது.

ஆனால் இப்போதெல்லாம் எம்மாவை நினைத்து ஹார்டி எழுதிய கவிதைகளை எடுத்தால் ஃபுளோரன்ஸ் டக்டேல்தான் நினைவுக்கு வருகிறாள். 1914 பிப்ரவரியில் ஹார்டியைக் கட்டிக்கொண்டவள். அவளுக்கு 35, அவருக்கு 73. அந்த வருஷமே எம்மாவுக்கான கவிதைகள் புத்தகமாகிவிட்டன. கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள், மூத்தாளை நினைத்துப் புருஷன் உருகியதை ஊரே வாசித்தது. ஃபுளோரன்ஸின் பெயரை முன்னெழுத்தாக மட்டும் போட்டு அவளுக்கென்று எழுதிய கவிதை ஒன்றும் அதே தொகுப்பில் உண்டு. எங்கள் பாடத்தில் அது இல்லை.