போசனசாலையில் நாம் பெற்ற பாடம்

1961ஆம் ஆண்டில் விடுதி மாணவராகச் சேர்ந்த எமக்குப் பாடங்களினும் போசனசாலையே பேரச்சம் விளைத்தது. பிறர் பார்க்கின்றனர் என்னும் எண்ணத்தாற் கை நடுங்கும். கவளம் தொண்டையில் இறங்காது. பசியோடு துயின்ற இரவுகள் பல.

இதனை உணர்ந்த மூத்த மாணவர் ஒருவர், ஒன்றுங் கேளாது, பந்தி கலைந்தபின் எம்மருகில் அமர்ந்து இடியப்பமும் சொதியும் உண்டார். நாளடைவில் இருவர் நால்வராயினோம். தவணை முடிவில் நிறைபந்தியிலும் அமர்ந்தோம். அவரவர் தத்தம் கோப்பையையே நோக்கியிருந்தமையை அன்றுதான் கண்டோம்!

இத்தகைய அச்சத்தை அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980இல் தனி நோயாக வகுத்தது. அஞ்சுவதைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளலே நன்மருந்து என்பர் மருத்துவர். அம்மருந்தை எமக்கு முன்னரே ஊட்டியவர் அவ்வண்ணரே.

தம்பிமாரே, உங்கள் பந்தியில் உண்ணாது எழுபவன் உளனேல், வினவாது அவனருகில் அமர்வீர்களாக.