பனிக்குப் போர்த்திய கம்பளி

குளிருக்கு மனிதர்கள் கம்பளி போர்த்திக்கொள்வார்கள். பனிக்கட்டிக்கே கம்பளி போர்த்தி வைத்திருக்கிற இடம் ஒன்று உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால், "போதும், கதை அளக்காதே!" என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். 2018-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தேன்.

அங்கே போவதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு போட்டோ. 1988-ல் என் கணவர் வேலை நிமித்தம் ஸ்விட்ஜர்லாந்து போனபோது எடுத்துக்கொண்டது. இரவல் ஓவர்கோட்டும் குரங்குக் குல்லாயுமாக நிற்கிறார். பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு நீலம் பாய்ந்த பனிச் சுவர். போட்டோவின் பின்புறம், "ரோன் பனியாறு. அடுத்த தடவை உன்னோடு" என்று அவர் கையெழுத்து. அந்த அடுத்த தடவை வரவில்லை. அவர் காலமாகி ஆறு வருஷம் கழித்து, ஜூரிச்சில் வேலை பார்க்கும் மகன்தான் என்னை அழைத்துக்கொண்டு போனான். போட்டோவைக் கைப்பையில் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஆண்டர்மாட் என்ற ஊரிலிருந்து மஞ்சள் நிறத் தபால் பஸ் கிளம்புகிறது. ஃபுர்கா கணவாய் 2,400 மீட்டருக்கு மேல். நம் உதகமண்டலத்தைவிட உயரம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவர் மூன்று சுரத்தில் ஹாரன் அடிக்கிறார், கல்யாண வீட்டு நாயனக்காரர் சுருதி பார்ப்பது போல. கீழே எட்டிப் பார்க்காமல் நான் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கணவாயைத் தாண்டி இறங்கினால் ஒரு வளைவில் பெல்வெடேர் ஹோட்டல். 1882-ல் திறந்தது. ஜன்னலைத் திறந்தால் பனியாறு என்பதற்காகவே அந்தக் காலத்துச் சீமான்கள் வந்து தங்கினார்களாம். 1964-ல் வந்த 'கோல்டுஃபிங்கர்' சினிமாவில் கார் பறப்பதும் இந்தச் சாலையில்தான். நாங்கள் போனபோது ஹோட்டல் பூட்டிக் கிடந்தது. பனி விலகிப் போனது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எந்தக் காட்சிக்காகக் கட்டினார்களோ, அந்தக் காட்சி ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டது நிஜம்.

பனியாறு என்றால் நிஜமாகவே ஆறுதான். வருஷக்கணக்காக விழுந்த பனி இறுகிக் கட்டியாகி, மலைச் சரிவில் யார் கண்ணுக்கும் தெரியாத வேகத்தில் வழிகிறது. இது ஏழெட்டுக் கிலோமீட்டர் நீளம். 1850-களில் மலை அடிவாரத்துப் பள்ளத்தாக்கு வரை வந்து படுத்துக் கிடந்ததாம். இப்போது மேலே பாறை விளிம்பையும் விட்டுப் பின்வாங்கிவிட்டது. அதன் காலடியில் ஓர் ஏரி. சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். அழகாகத்தான் இருக்கிறது, அழகாக இருக்கிறதே என்றுதான் வருத்தம்.

டிக்கெட் வாங்கிக்கொண்டு வழவழவென்ற பாறைமேல் நடந்தோம். அங்கேதான் அந்தக் கம்பளிகளைப் பார்த்தேன். பனியாற்றின் ஓரத்தில் வெள்ளைத் துணிகள், பெரிய பெரிய விரிப்புகளாக, ஏதோ வண்ணான் துறைபோல. பனியைக் குடைந்து ஒரு குகை செய்திருக்கிறார்கள். 1870-களிலிருந்தே இந்த வழக்கம். பனி நகர்ந்துகொண்டே இருப்பதால் வருஷா வருஷம் புதிதாகக் குடைய வேண்டும். அந்தக் குகை உருகாமல் இருக்கத்தான் போர்வை. வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதன் அடியில் உருகுவது பாதிக்கு மேல் குறைகிறதாம். ஐஸ் கட்டிமேல் மரத்தூளைக் கொட்டிக் கோணியால் மூடுவார்களே, அந்தச் சங்கதிதான்.

"இது குளிரைக் காப்பாற்றுகிற கம்பளி. வெயில் காய்கிற கம்பளி மேலே இருக்கிறது, அம்மா" என்று ஆகாயத்தைக் காட்டினான் மகன்.

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன், 21 சதவிகிதம் பிராணவாயு. இரண்டும் சாது. பூமியிலிருந்து கிளம்பும் வெப்பத்தைத் தடுக்காமல் விட்டுவிடும். தடுத்து நிறுத்துவது நீராவியும், குழம்பில் பெருங்காயம் அளவுக்கே இருக்கிற கரியமிலவாயுவும்தான். அவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. நீங்களும் நானும் இருக்க மாட்டோம். ஆக, போர்வை வேண்டியதுதான். போர்வைமேல் போர்வை போட்டதுதான் தப்பு. கைத்தொழில் ஆலைகள் பெருகுமுன் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்காக இருந்த கரியமிலவாயு, நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து எரித்து இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

இதை முதலில் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் பெண்மணி என்று கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்பவர் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து, தெர்மாமீட்டர் வைத்து, வெயிலில் காயவைத்தார். நாம் வடகம் காயவைப்பதுபோலத்தான்! கரியமிலவாயு இருந்த குழாய் எல்லாவற்றையும்விடச் சூடேறியது. ஆறுவதற்கும் வெகு நேரம் பிடித்தது. இந்த வாயு மிகுந்தால் பூமியும் சூடாகும் என்று எழுதினார். 1856-ல் விஞ்ஞானிகள் மாநாட்டில் அந்தக் கட்டுரையைப் படித்தவர் என்னவோ ஓர் ஆண். அப்புறம் நூற்றைம்பது வருஷம் அம்மாளை எல்லோரும் மறந்தே போனார்கள். மூன்று வருஷம் கழித்து லண்டனில் வெப்பக் கதிர்களை அளந்து விஷயத்தை நிலைநாட்டிய ஜான் டிண்டால், இந்த ஆல்ப்ஸ் மலைகளில் பைத்தியமாக ஏறித் திரிந்தவர்.

குகைக்குள் போனோம். நீல நிறம், இங்கிப் புட்டிக்குள் நுழைந்ததுபோல. சுவரைத் தொட்டேன், கை ஈரமாயிற்று. எங்கும் சொட்டுச் சத்தம். இந்தச் சொட்டுகள்தான் சேர்ந்து ரோன் நதியாகி, 812 கிலோமீட்டர் ஓடி மத்தியதரைக் கடலில் கலக்கின்றன. தலையில் விழுந்த சொட்டைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

(நான் திரும்பி வந்த பிறகு, 2022, 2023 ஆகிய இரண்டே வருஷங்களில் ஸ்விட்ஜர்லாந்தின் பனியாறுகளில் பத்தில் ஒரு பங்கு பனி கரைந்து போயிற்று.)

வெளியே வந்ததும் டிக்கெட் கொடுக்கும் அம்மாளிடம் போட்டோவை நீட்டினேன். வயதானவர், பல வருஷமாக அங்கே இருப்பவராம். "இவர் நின்ற இடத்தில் நானும் நிற்க வேண்டும். எங்கே என்று கேளடா" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அவர் காட்டியது பாறையை அல்ல. ஏரிக்கு மேலே, ஒரு மாடி உயரத்தில், வெறும் காற்றை.

ஏரிக்கரையில் நிற்கவைத்து மகன் ஒரு படம் எடுத்தான். அதன் பின்புறம் தேதியை மட்டும் எழுதி, ஆல்பத்தில் அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.