நிலமும் பொழுதும்: ஆதிமூலத்தின் ஓவியப் பயணம்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். மாந்தர் ஒழுக்கம் யாவும் அவற்றின் மீதே நிகழ்வது. ஆயின், ஓவியத்தில் நிலம் நெடுங்காலம் பின்புலமாகவே நின்றது. தெய்வமும் அரசரும் முன்னே நிற்க, மலையும் ஆறும் அவர்களுக்குப் பின்னே திரைச்சீலையாயின. நிலத்தை முதற்பொருளாகவே தீட்டிய தமிழ் ஓவியருள் கே. எம். ஆதிமூலம் குறிப்பிடத்தக்கவர்.

1938இல் திருச்சி மாவட்டத்துக் கீரம்பூரில் பிறந்த அவர், சென்னை ஓவியக் கல்லூரியிற் பயின்று 1966இல் பட்டயம் பெற்றார். கே. சி. எஸ். பணிக்கர் அதன் முதல்வராயிருந்த காலம் அது. ஆதிமூலத்தின் முதற்புகழ் கோட்டினால் வந்தது. காந்தி நூற்றாண்டாகிய 1969ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி சித்திரங்களும், பின்னர் வரைந்த அரசர் சித்திரங்களும் கறுப்பு மையின் வலிமையைக் காட்டின. சிற்றிதழ்களின் அட்டைகளிலும், கி. ராஜநாராயணனின் கரிசற்காட்டு எழுத்துகளுக்கு வரைந்த சித்திரங்களிலும் அக்கோடுகளைத் தமிழ் வாசகர் நன்கறிவர்.

கோட்டினாற் பெயர்பெற்ற ஒருவர் கோட்டை விட்டு விலகத் துணிவது எளிதன்று. எனினும், எழுபதுகளில் அவர் தைல வண்ணத்தின் பக்கம் திரும்பினார். படலம் படலமாக அடுக்கப்பட்ட அவ்வண்ணங்களில் மரமில்லை, வீடில்லை, மனிதரில்லை. ஆயினும் காண்போர் அவற்றில் வெயிலையும் ஈரத்தையும் உழுத மண்ணையும் உணர்கின்றனர். நிலத்தின் உருவத்தை நீக்கி, அதன் இயல்பை மட்டும் நிறுத்திய முயற்சி எனலாம். 2008இல் மறையும் வரை அவர் இவ்வழியிலிருந்து விலகவில்லை.

அவுஸ்திரேலிய ஓவியர் பிரெட் வில்லியம்ஸ் (1927–1982) இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கவர். அவரும் தொடுவானத்தை மேலே தள்ளி, சில வேளைகளில் முற்றாக நீக்கி, வறண்ட நிலப்பரப்பில் மரங்களைச் சிறு வண்ணப் புள்ளிகளாகச் சிதறவிட்டார். 1977இல் நியூயோர்க் நவீனகலை அரும்பொருளகத்தில் அவரது தனிக்கண்காட்சி நிகழ்ந்தது. வில்லியம்ஸின் புள்ளி இன்னும் மரமாகவே நிற்கின்றது. ஆதிமூலத்தின் வண்ணமோ எப்பொருளையும் சுட்டுவதில்லை.

மட்டக்களப்பு மாணவருக்கு இவர்களால் ஆவதென்ன? நம் வாவியின் இரு கரைகளும் எழுவான்கரை, படுவான்கரை எனப் பெயர் பெற்றவை. இங்கு நிலத்தின் பெயரே பொழுதின் பெயர். மாரி வெள்ளத்தில் முகத்துவாரம் திறப்பதும், பின்னர் மணல் அதனை மூடுவதுமாக நீரின் எல்லை ஆண்டுதோறும் மாறுகின்றது. கல்லடிப் பாலமும் தென்னையும் அந்திச் செவ்வானமும் கொண்ட அஞ்சலட்டைக் காட்சியில் இம்மாற்றம் அடங்குமா? 2004 மார்கழி 26இல் ஆழிப்பேரலை நாவலடியை அழித்தது. அதற்கு முன்னும் பின்னும் போர் படுவான்கரை மக்களை இடம்பெயரச் செய்தது. இவற்றின்பின் அந்த மணலும் அந்த வயலும் வெறும் அழகுக் காட்சிகளாக இருத்தல் இயலாது.

கல்லடியில் அமைந்த சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திற் காண்பியக் கலை பயில்வோர் முன்னுள்ள வினா இதுவே. ஆதிமூலத்தின் வண்ணத்தை அப்படியே பெயர்த்தெடுத்தல் அதற்கு விடையாகாது. அவரது நிலம் வேறு. தமக்குக் கைவந்ததை விட்டு, தம் நிலம் கேட்கும் முறையைத் தேடிய அவரது துணிவே கற்கத்தக்கது. அதற்கு முதற்படி, கண்டலோரத்து நீர் காலையில் என்ன நிறம், மாலையில் என்ன நிறம் என்பதைப் பொறுமையோடு நோக்கியிருத்தலாகும்.