இணைக்க முடியவில்லை

எங்கள் டீமில் ஐந்து பேர். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை எனக்கு ஆன்-கால் வரும். அந்த வாரம் முழுக்க லேப்டாப் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சர்வர் எதுவும் மக்கர் செய்தால் ஓர் எந்திரக் குரல் போனில் கூப்பிடும். எண்ணை அமுக்கி ஏற்றுக்கொண்டால் அது என் பொறுப்பு. ஏற்காவிட்டால் அடுத்த ஆளை எழுப்பும்.

போன ஆன்-கால் வாரத்தில் நான் ஊரில் இருந்தேன். சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். தங்கச்சியின் பிரசவத்துக்காக அம்மா போயிருந்தாள். அப்பா தனியாக இருந்தார். என் சிம்முக்கு எங்கள் தெருவில் பேச வரும், நெட் வராது. அப்பாவின் சிம்முக்கு வரும். அவர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் பகலெல்லாம் வேலை பார்த்தேன். மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு லேப்டாப்பை மூடிவிடுவேன்.

நாலாம் நாள் இரவு 9:40-க்கு எந்திரக் குரல் கூப்பிட்டது. பணம் கட்டியவர்களுக்கு ரசீது போகவில்லை, செய்திகள் வரிசையில் தேங்குகின்றன. எண்ணை அமுக்கினேன். லேப்டாப்பைத் திறந்தேன். வைஃபை பட்டியலில் அப்பாவின் போன் தெரிந்தது. தொட்டேன். ஒரு சக்கரம் சுற்றியது. பிறகு ஒரு வரி வந்தது: 'இந்த நெட்வொர்க்குடன் இணைக்க முடியவில்லை.'

மறுபடி தொட்டேன். அதே வரி.

திண்ணையில் கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா கேட்டார்: "என்னய்யா, வரலையா?"

"வந்துரும்ப்பா. நீங்க படுங்க."

*

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாக இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஒரு லேப்டாப் ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்வதை நான்கு வாசல்களாகப் பிரித்துக்கொள்ளலாம். எந்த வாசலில் நிற்கிறோம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் வாசல், பெயர் தெரிகிறதா? தெரியாவிட்டால் அநேகமாக அலைவரிசைத் தகராறு. ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும், பழைய லேப்டாப்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும். எனக்குப் பெயர் தெரிந்தது. அதனால் இந்த வாசலைத் தாண்டியாயிற்று.

இரண்டாவது, உள்ளே விடுகிறதா? பாஸ்வேர்ட் மாறியிருக்கலாம். லேப்டாப் பழைய பாஸ்வேர்டையே நினைவில் வைத்து முட்டிக்கொண்டிருக்கும். அல்லது பூட்டின் ரகம் ஒத்துப்போகாமல் இருக்கலாம். 2004-இல் வந்த டபிள்யூபிஏ 2-ஐயே இன்னும் பல சாதனங்கள் பேசுகின்றன. 2018-இல் வந்த டபிள்யூபிஏ 3-ஐ மட்டும் ஏற்பேன் என்று போன் பிடிவாதம் பிடித்தால் பழைய லேப்டாப் வெளியே நிற்கும்.

மூன்றாவது, உள்ளே போனவனுக்கு முகவரி கிடைத்ததா? போன்தான் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் ஐபி முகவரி கொடுக்கும். கொடுக்கவில்லையென்றால் விண்டோஸ் லேப்டாப் தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ளும். அந்த எண்ணைப் பார்த்தாலே 'எனக்கு யாரும் முகவரி தரவில்லை' என்று அர்த்தம்.

நான்காவது, முகவரி இருக்கிறது, வைஃபை குறியும் இருக்கிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. அப்போது டிஎன்எஸ், விபிஎன், இல்லையென்றால் தீர்ந்துபோன டேட்டா.

நான் இரண்டாவது வாசலில் நின்றேன். அதனால் வரிசைப்படி போனேன். சேமித்து வைத்திருந்த நெட்வொர்க்கை மறக்கச் சொல்லி, பாஸ்வேர்டைப் புதிதாக அடித்தேன். இல்லை. லேப்டாப்பில் வைஃபையை அணைத்துப் போட்டேன். இல்லை. டிரைவரை முடக்கித் திரும்ப இயக்கினேன். இல்லை. லேப்டாப்பையே ரீஸ்டார்ட் செய்தேன். ஆபீஸ் லேப்டாப்புக்கு விழித்தெழ நாலு நிமிடம் வேண்டும். அந்த நாலு நிமிடமும் வரிசையில் ரசீதுகள் ஏறிக்கொண்டிருந்தன.

கடைசியில் அப்பாவின் போனை எடுத்து, மேலிருந்து திரையை இழுத்து, ஹாட்ஸ்பாட்டை அணைத்து மறுபடி போட்டேன். உடனே சேர்ந்துவிட்டது.

இப்படிச் சரியாகும்போது வரும் நிம்மதி ஆபத்தானது. ஏன் சரியானது என்று தெரியாமல் சரியானது திரும்பவும் வரும். நான் அதை யோசிக்கவில்லை. உள்அறையில் புழுக்கம் தாங்கவில்லை. லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தேன். திறந்தேன்.

இணைக்க முடியவில்லை.

*

"என்னய்யா, ஹாட்ஸ்பாட்டா?" அப்பா மறுபடியும் கேட்டார்.

"ஆமாப்பா. செட்டிங்ஸ் ஏதோ மாறியிருக்கு. நான் பாத்துக்கிடுதேன்."

அதற்குமேல் அவர் பேசவில்லை. கேட்காத இடத்தில் பேசமாட்டார்.

எனக்கு இப்போது ஒரு கொள்கை பிறந்திருந்தது. உள்அறையில் வந்தது, திண்ணையில் வரவில்லை. போன் உள்ளேயே ஜன்னல் மேல் இருக்கிறது. நடுவே சுவர். அப்படியென்றால் 5 கிகாஹெர்ட்ஸ்தான் பிரச்சினை, அது சுவரைத் தாண்டத் திணறும். அழகான கொள்கை. எழுந்து போய் செட்டிங்ஸுக்குள் நுழைந்து 2.4-க்கு மாற்றினேன். மாற்றியதும் ஹாட்ஸ்பாட் ஒருமுறை அணைந்து எரிந்தது. திண்ணைக்கு வந்து பார்த்தேன். வரவில்லை. அப்போதே கொள்கை செத்திருக்க வேண்டும். 'அப்ப பூட்டு ரகமாத்தான் இருக்கும்' என்று மறுபடி உள்ளே போய் அதையும் மாற்றினேன். மறுபடி அணைந்து எரிந்தது. இல்லை.

மணி 10:20. நாற்பது நிமிடம். இதற்குள் முதல் இரண்டு நிமிடத்தில் செய்திருக்க வேண்டிய ஒன்றை நான் செய்யவே இல்லை. ஆபீஸில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நானே வகுப்பு எடுக்கிற விஷயம்: இரண்டு முனைகளுக்கு நடுவே பழுது என்றால் முதலில் ஒரு முனையை மாற்றிப் பார். லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டு, வேறொரு சாதனத்தை அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துப் பார். சேர்ந்தால் குற்றவாளி லேப்டாப். சேராவிட்டால் போன்.

என் பையில் என் போன் இருந்தது. அதை எடுத்து அப்பாவின் ஹாட்ஸ்பாட்டைத் தொட்டேன். சேரவில்லை.

நாற்பது நிமிடமாக லேப்டாப்பைத்தான் குடைந்திருக்கிறேன். போனில் செய்த ஒன்றிரண்டும்கூட லேப்டாப்புக்குத் தோதாக அதை வளைக்கத்தான். எனக்குத் தெரிந்த எந்திரத்தில் பழுதைத் தேடியிருக்கிறேன், அவ்வளவுதான். வெளிச்சம் இருக்கிற இடத்தில் சாவியைத் தேடுகிற கதை.

அப்போது வெளிக்கதவில் டார்ச் வெளிச்சம் விழுந்தது.

"பெரியப்பா, நெட்டு விட்டு விட்டுப் போகுது. மூணு தடவ கட்டாயிட்டு. இப்பக் கடைசிப் பக்கத்துல நிக்கேன்."

*

பக்கத்து வீட்டுப் பெண். இருபத்தியிரண்டு வயது இருக்கும். குரூப் 4 விண்ணப்பத்துக்கு அன்று கடைசி நாள், இரவு 11:59 வரைக்கும். போட்டோவும் கையெழுத்தும் ஏற்றும்போதெல்லாம் அறுந்து, திரும்பத் திரும்ப உள்ளே நுழைந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அறுத்தது நான்.

போனை எடுத்து ஹாட்ஸ்பாட் பக்கத்தை இந்த முறை கடைசி வரை கீழே இறக்கிப் பார்த்தேன். இணைந்துள்ள சாதனங்கள்: 1. அதற்கும் கீழே, அதிகபட்சச் சாதனங்கள்: 1.

அதில் பழுதே இல்லை. இடம் ஒன்று, அதில் ஒரு ஆள் இருந்தாள். நான் அணைத்துப் போட்ட நொடியில் இரண்டு பேரும் ஓடினோம். முதல் தடவை நான் முந்திக்கொண்டேன். லேப்டாப்பை மூடிக்கொண்டு திண்ணைக்கு நடந்த அரை நிமிடத்தில் அவள் போன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்த இரண்டு தடவையும் நான் நடந்து வருவதற்குள் அவள் முந்தினாள். சுவருக்கும் கிகாஹெர்ட்ஸுக்கும் இதில் சம்பந்தமே கிடையாது. போகும் வரும் என்று ஒரு பழுது ஆட்டம் காட்டினால், அங்கே இரண்டு பேர் ஓடிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இதுவும் எனக்குத் தெரிந்த பாடம்தான்.

இதில் என்னை எரிச்சல்படுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. வைஃபைக்கான தரவிதிகளில் இந்த நிலைமைக்கென்றே எண்கள் இருக்கின்றன. சேர வருகிற சாதனத்திடம் 'இங்கே இடம் நிறைந்துவிட்டது' என்று சொல்ல நிலை எண் 17. சேர்ந்ததை 'தாங்க முடியவில்லை' என்று வெளியேற்றக் காரண எண் 5. போன் மறுக்கும்போது காரணத்தோடு மறுக்க வழி இருக்கிறது. ஆனால் திரை அதை விழுங்கிவிட்டு 'இணைக்க முடியவில்லை' என்ற ஒற்றை வரியைக் காட்டுகிறது. விண்டோஸில் கடந்த மூன்று நாள் வைஃபை வரலாற்றைக் காரணங்களோடு அறிக்கையாக எடுக்க ஒரு கட்டளைகூட உண்டு. முதலிலேயே எடுத்திருக்கலாம். அதைவிடச் சுலபமாக இன்னொன்று செய்திருக்கலாம். அப்பா இரண்டு தடவை கேட்டார். பதில் அவரிடம் இருந்தது.

"ஏன்ப்பா சொல்லல?"

"நீ படுங்கன்னுட்ட."

*

அந்த நிமிடத்தில் என் விரல் எங்கே போயிற்று என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த 1-ஐ 2 ஆக்கவில்லை முதலில். அவளுடைய போனின் பெயருக்குப் பக்கத்தில் 'தடைசெய்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அங்கேதான் போனது. இது என் அப்பாவின் போன், என் வேலை, ரசீதுகள் தேங்குகின்றன. பத்து நிமிடம் அவள் காத்திருக்கட்டுமே. கதவருகே நின்றுகொண்டு போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏற்றும் கோடு பாதியில் ஊர்ந்தது. 1-ஐ 2 ஆக்கினாலும் ஹாட்ஸ்பாட் அணைந்து எரியக்கூடும். நாலாவது தடவையாக அவளை வெட்டிவிடும்.

பிறகுதான் கேபிள் ஞாபகம் வந்தது. யுஎஸ்பி டெதரிங். போனையும் லேப்டாப்பையும் சார்ஜர் கேபிளால் இணைத்து, ஹாட்ஸ்பாட் பக்கத்துக்கு அடுத்த வரியில் இருக்கிற பொத்தானைத் தட்டினால், லேப்டாப் அந்தக் கம்பி வழியாக நெட் எடுத்துக்கொள்ளும். வைஃபை இடத்தை அது பிடிப்பதில்லை. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவுக் கேபிளாக இருக்கக் கூடாது, தரவும் போகிற கேபிள் வேண்டும். அப்பாவின் கேபிள் போனோடு வந்த பழைய கேபிள். வேலை செய்தது. பத்து நொடியில் விபிஎன் ஏறியது.

ஒரே திண்ணையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவள் போனோடு, நான் கம்பி கட்டிய லேப்டாப்போடு. ஒரு சர்வரின் டிஸ்க் நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். அங்கேயும் இடம் இல்லாததுதான் பிரச்சினை. 11:10-க்கு ரசீதுகள் நகரத் தொடங்கின. 11:25-க்கு அவள், "அண்ணே, விண்ணப்ப எண் வந்துட்டு" என்றாள்.

*

அவள் போன பிறகு அப்பா விவரம் சொன்னார். அவர் பிளானில் ஒரு நாளைக்கு 2 ஜிபி. அவருக்கு வாட்ஸ்அப்பும் நாலு வீடியோவும் போக முக்கால்வாசி மிஞ்சும். நள்ளிரவில் அது வீணாய்ப் போய்விடும், மறுநாளுக்கு வராது. இரவு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அதை அவளுக்குத் திறந்துவிடுகிறார். பத்து மாதமாக. பாடம் கேட்கிறாள், மாதிரித் தேர்வு எழுதுகிறாள். நடுவில் தெருப் பையன்கள் பாஸ்வேர்டைப் பிடித்துக் கிரிக்கெட் பார்த்திருக்கிறார்கள். அவளுக்கு நெட் வரவில்லை. அதனால் அவளையே விட்டு, ஒரு ஆள் மட்டும் என்று வைக்கச் சொல்லியிருக்கிறார்.

"அப்ப மூணு நாளா நான் பகல்ல எல்லாத்தையும் தீத்துருப்பேனே?"

"தீத்துட்டதான். ராத்திரி ஆமை வேகத்துல வந்துச்சு. ரெண்டு நாள் கடையில போயி எக்ஸ்ட்ரா போட்டேன்."

வீடியோ மீட்டிங்குகளில் நான் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்த டேட்டா அது. காசு கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கை காட்டினார்.

எங்களுக்கு ஒரு பங்குக் கிணறு உண்டு. நாலு பங்காளிகள், ஒரே மோட்டார். ஆளுக்கொரு நாள் முறை. மும்முனை மின்சாரம் இருக்கிற நேரத்துக்குள் பாய்ச்சிக்கொள்ள வேண்டும். முறை இல்லாதவன் வயல் காய்ந்தாலும் மடையைத் தொடக் கூடாது. சின்ன வயதில் அப்பாவோடு அந்த வரப்பில் நின்றிருக்கிறேன்.

"முறைக்காரன் தண்ணி பாய்ச்சுத நேரத்துல நம்ம வயலுக்கு வரலன்னு மோட்டாரக் கழத்திப் பாத்தா என்னய்யா செய்யும்?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பாதித் தூக்கத்தில் சொன்னார்.

போகிற நாள் காலையில் அவர் போனை எடுத்து நான் மாற்றியதையெல்லாம் பழையபடி வைத்தேன். அந்த எண்ணிடம் வந்ததும் கேட்டேன்: "ரெண்டுன்னு வச்சிரட்டுமாப்பா? அடுத்த தடவ நான் வரும்போது தோதா இருக்கும்."

கொஞ்சம் யோசித்தார்.

"நீ வருசத்துல பத்து நாள் வருவ. மிச்ச நாள் அந்த ரெண்டாவது எடத்துல எவன் வந்து உக்காருவான்?"

1 என்றே விட்டுவிட்டேன். பஸ் ஏறுவதற்கு முன் கடைத்தெருவில் ஒரு நல்ல கேபிள் வாங்கி, ஊர் வீட்டு ஜன்னல் மேல் வைத்துவிட்டு வந்தேன்.